சியோலுக்குப் புறப்படும் முன்: உலக இளையோர் நாள் என்றால் என்ன?

கத்தோலிக்க ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அந்தச் சந்தடியில்தான் இது காதில் விழும்: "2027 ஆகஸ்ட் மாதம் தென்கொரியாவில் நடக்கும் உலக இளையோர் நாளில் கலந்துகொள்ள விரும்புவோர் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்." மகள் வீட்டுக்கு வந்து ஆசையோடு சொல்வாள். அம்மா கேட்பார்: "ஒரு நாளு ஃபங்ஷனுக்கு கொரியா வரைக்குமா போவாங்க?"

நியாயமான கேள்வி. பெயரில் 'நாள்' என்று இருப்பதே முதல் குழப்பம். ஆலயப் பங்கின் இளையோருக்கும் அவர்கள் பெற்றோருக்கும் இதை விளக்கிச் சொல்ல உட்காரும்போதெல்லாம் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

உலக இளையோர் நாளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, ஆண்டுதோறும் ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுதி) தன் ஊரிலேயே கொண்டாடும் நாள். முன்பு அது குருத்தோலை ஞாயிறன்று இருந்தது. திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் அதைக் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கான ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறுக்கு, மாற்றினார். 2021 முதல் அப்படித்தான். இன்னொன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் உலகெங்கிலுமிருந்து வரும் இளையோர் திருத்தந்தையோடு கூடும் பெரிய சந்திப்பு. அது ஏறக்குறைய ஒரு வாரம் நடக்கும். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. பெயர் முதல் வடிவத்திலிருந்து வந்தது, இரண்டாவதற்கும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு மரச்சிலுவையும் ஒரு படகும்

இதைத் தொடங்கியவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். போலந்தில் இளம் குருவாக இருந்த நாளிலேயே கல்லூரி மாணவர்களை மலையேற்றத்துக்கும் படகுப் பயணத்துக்கும் அழைத்துப் போனவர் அவர். அப்போது அங்கே கம்யூனிச ஆட்சி. குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்தக் கூடாது. அதனால் அங்கி இல்லாமல் சாதாரண உடையில் போவார். மாணவர்கள் அவரை 'ஃபாதர்' என்று கூப்பிடாமல், தங்கள் மொழியில் 'மாமா' என்று கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையில் கவிழ்த்துப் போட்ட படகு திருப்பலிப் பீடமானது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைக்கு லட்சக்கணக்கானோர் கூடும் சந்திப்பின் சாரம் அந்தப் படகுப் பயணத்திலேயே இருந்தது: வீட்டை விட்டு வெளியே வருவது, நடப்பது, வெட்டவெளியில் தங்குவது, ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிடுவது, மனதில் இருப்பதை ஒரு குருவிடம் பயமில்லாமல் பேசுவது. கூட்டம்தான் பிற்பாடு பெருகியது.

1984-ல், மீட்பின் யூபிலி ஆண்டு முடியும் தறுவாயில், குருத்தோலை ஞாயிறையொட்டி இளையோரை அவர் உரோமைக்கு அழைத்தார். சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்), ஏப்ரல் 22. அன்று 3.8 மீட்டர் உயரமுள்ள எளிய மரச்சிலுவை ஒன்றை இளையோர் கையில் கொடுத்து, இதை உலகமெங்கும் சுமந்து செல்லுங்கள் என்றார். அந்தச் சிலுவை இன்றும் நாடு நாடாகப் பயணித்துக்கொண்டிருக்கிறது. 2003 முதல் மரியன்னையின் திருவுருவப் படம் ஒன்றும் அதோடு சேர்ந்து போகிறது. 2024 நவம்பர் 24 அன்று உரோமையில் போர்த்துக்கல் நாட்டு இளையோர் இரண்டையும் கொரிய இளையோரிடம் ஒப்படைத்தார்கள்.

1985 ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பன்னாட்டு இளையோர் ஆண்டு. அந்தக் குருத்தோலை ஞாயிறுக்கும் உரோமையில் இளையோர் கூடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இதை நிலையான வழக்கமாக்கப் போவதாகத் திருத்தந்தை அறிவித்தார். முதல் உலக இளையோர் நாள் 1986 மார்ச் 23.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, 1986 பிப்ரவரி 5 அன்று, அதே இரண்டாம் யோவான் பவுல் நம் ஊரில்தான் இருந்தார். சாந்தோமில் புனித தோமாவின் கல்லறையில் செபித்தார், பரங்கிமலைக்குப் போனார். அன்று அவரைப் பார்க்கத் தந்தையின் தோளில் ஏறி நின்ற குழந்தைகளின் பிள்ளைகள்தான் இன்று பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கிறார்கள்.

உரோமைக்கு வெளியே முதல் பெரிய சந்திப்பு 1987-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரெஸில் நடந்தது. பிறகு ஸ்பெயினின் சந்தியாகோ, போலந்தின் செஸ்டகோவா, அமெரிக்காவின் டென்வர் என்று நகர்ந்தது. 1995-ல் மணிலா. அங்கே நிறைவுத் திருப்பலிக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடுகிறார்கள். சாலை வழியே போக முடியாமல் திருத்தந்தையை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. பாரிஸ், உரோமை, டொரொண்டோ, கொலோன், சிட்னி, மாட்ரிட், ரியோ, கிராக்கோவ், பனாமா, கடைசியாக 2023-ல் லிஸ்பன். மயிலாப்பூரில் லஸ் பிரகாச மாதா ஆலயத்தைக் கட்டிய போர்த்துக்கீசியரின் தலைநகரம் அது.

ஆசியாவுக்கு இந்தச் சந்திப்பு மணிலாவுக்குப் பிறகு சியோலில்தான் திரும்பி வருகிறது. நம்மில் பலருக்கு இது வாழ்நாளில் மிகப் பக்கத்தில் வரும் வாய்ப்பு.

அந்த வாரத்தில் என்ன நடக்கும்?

தலைநகரில் கூடுவதற்கு முன்பே பயணம் தொடங்கிவிடும். 'மறைமாவட்ட நாள்கள்' என்று அதற்குப் பெயர். 1997 பாரிஸ் சந்திப்பிலிருந்து இந்த வழக்கம் வேரூன்றியது. வெளிநாட்டிலிருந்து வரும் இளையோரை, அந்த நாட்டின் சிறிய ஊர்களில் உள்ள பங்குகள் சில நாள்களுக்கு விருந்தாளிகளாக ஏற்றுக்கொள்கின்றன. பெரும்பாலும் குடும்பங்களின் வீடுகளில் தங்க வைக்கிறார்கள். மொழி தெரியாத வீடு. அந்த வீட்டுப் பாட்டி தன் அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்வார். போய்வந்தவர்களிடம் எதை மறக்க முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள். திருத்தந்தையைப் பார்த்ததை விட இந்த வீட்டைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார்கள்.

பிறகு எல்லோரும் தலைநகருக்கு வருகிறார்கள். முதல் நாள் அந்த ஊர்ப் பேராயர் தொடக்கத் திருப்பலி நிறைவேற்றுவார். அடுத்த நாள்களில் காலை நேரம் மறைக்கல்விக்கு. ஆயர்கள் மொழிவாரியாகப் பிரிந்த குழுக்களோடு உட்கார்ந்து பேசுவார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். தமிழில் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலக் குழுக்களில்தான் சேர்கிறார்கள். திருத்தந்தையின் உரைக்கு எஃப்எம் வானொலி வழியாக மொழிபெயர்ப்பு தருவது பல சந்திப்புகளில் இருந்த வழக்கம். அதற்காகக் கையடக்க ரேடியோ ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

மாலையில் இசை, நாடகம், கண்காட்சி, பல நாட்டுத் துறவறச் சபைகளின் அரங்குகள். இதைப் படமாகப் பார்ப்பவர்கள் 'ஒரே ஆட்டம் பாட்டம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதிப் படம். லிஸ்பனில் ஒரு பூங்கா முழுக்க 150 பாவசங்கீர்த்தனக் கூண்டுகள் வரிசையாக நின்றன. அவற்றைச் செய்தவர்கள் போர்த்துக்கல் சிறைகளில் தண்டனை அனுபவிக்கும் கைதிகள். மன்னிப்புக் கேட்கும் இடத்தை, மன்னிப்புக்காகக் காத்திருப்பவர்கள் கையால் செய்து கொடுத்தார்கள். வருடக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் பண்ணாத இளைஞர்கள் அந்த வரிசையில் போய் நிற்கிறார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

வாரத்தின் நடுவில் திருத்தந்தைக்கு வரவேற்பு. லிஸ்பனில் அந்த மாலையில்தான் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்லி, 'எல்லோரும், எல்லோரும், எல்லோரும்' என்று இளையோரையும் திரும்பச் சொல்ல வைத்தார். வெள்ளிக்கிழமை நகரத் தெருக்களில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதைத் தியானிக்கும் செபம். தவக்காலத்தில் பங்கில் செய்யும் அதே 14 நிலைகள். ஆனால் இங்கே ஒவ்வொரு நிலையும் இன்றைய இளைஞரின் ஒரு காயத்தைத் தொட்டுப் பேசும்: வேலையின்மை, தனிமை, போர், போதை.

சனிக்கிழமைதான் உச்சம். இதைப் புரியவைக்க நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேற்றம். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று எங்கெங்கிருந்தோ காவி உடுத்திய கூட்டம் வெறுங்காலில் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் சிலர் நாகப்பட்டினம் பக்கத்து வேளாங்கண்ணிக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நடந்து போகிறார்கள். 300 கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள். கொடுப்பவர்களில் பலர் கிறிஸ்தவர்களே இல்லை. இரவில் கிடைத்த திண்ணையில், பள்ளிக்கூட வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பார்கள். கால் கொப்பளித்தவருக்கு முன்பின் தெரியாதவர் எண்ணெய் தேய்த்துவிடுவார்.

உலக இளையோர் நாளின் சனிக்கிழமை இதே பாதயாத்திரைதான். முதுகில் பையோடு, தூங்கும் பையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கையில் தங்கள் நாட்டுக் கொடியோடு பல மணி நேரம் நடந்து ஒரு பெரிய மைதானத்துக்குப் போகிறார்கள். வழியில் உள்ள வீடுகளிலிருந்து வெயிலுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். மாலையில் திருத்தந்தை வருவார். சாட்சியங்கள், பாடல், பிறகு நற்கருணை ஆராதனை. பத்து லட்சம் பேர் இருக்கும் மைதானம் அப்போது மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிடும். அதன் பிறகு எல்லோரும் அங்கேயே, மண்ணிலேயே படுத்துத் தூங்குவார்கள். விடிந்ததும் நிறைவுத் திருப்பலி. முடிவில் அடுத்த சந்திப்பு எந்த ஊரில் என்று திருத்தந்தை அறிவிப்பார். லிஸ்பனில் அந்தத் திருப்பலிக்கு 15 லட்சம் பேர் வந்தார்கள்.

எல்லாம் சொகுசாக நடக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2011-ல் மாட்ரிட்டில் சனிக்கிழமை இரவு புயல் காற்றோடு மழை கொட்டியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இடத்தை விட்டு நகரவில்லை, உரையைச் சுருக்கிக்கொண்டு இளையோரோடு மழையிலேயே இருந்தார். 2013-ல் ரியோவில் விழிப்புச் செபத்துக்காகத் தயார் செய்த மைதானம் மழையில் சேறாகிப் போனதால், கூட்டத்தையே கோபகபானா கடற்கரைக்கு மாற்றினார்கள். மெரினாவில் முழங்கால் மணலில் நின்று பழகியவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

கொரியத் திருச்சபையை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்

கொரியத் தொடர்களும் பாடல்களும் நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. அந்த ஆசையில் பெயர் கொடுப்பவர்களும் உண்டு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆசை எந்த வாசல் வழியாகவும் வரலாம். ஆனால் போவதற்கு முன் அந்த நாட்டுக் கிறிஸ்தவர்களின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் போனால், சியோல் வெறும் சியோலாகத்தான் தெரியும்.

கொரியாவில் விசுவாசத்தை முதலில் விதைத்தவர்கள் குருக்கள் அல்ல. சீனாவிலிருந்து வந்த மறைநூல்களைச் சில அறிஞர்கள் தாங்களாகவே படித்து விவாதித்தார்கள். அவர்களில் ஒருவரான யி சுங் ஹூன் 1784-ல் பீஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி வந்து மற்றவர்களுக்கும் திருமுழுக்குக் கொடுத்தார். குரு ஒருவர் வந்து சேர மேலும் பத்தாண்டு ஆனது. அதற்குள் அங்கே ஒரு திருச்சபையே உருவாகியிருந்தது. அடுத்த நூறாண்டில் அலையலையாக வேத கலாபனை, அதாவது விசுவாசத்துக்காகத் துன்புறுத்தல். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். முதல் கொரியக் குரு ஆண்ட்ரூ கிம் தேகோன் 1846-ல் சியோலின் ஹான் ஆற்றங்கரையில் தலை வெட்டப்பட்டபோது அவருக்கு வயது 25. இன்று பெயர் கொடுக்கும் பிள்ளைகளின் வயதுதான்.

அவரையும் அவருடைய தோழர்களையும் சேர்த்து 103 மறைசாட்சிகளை இரண்டாம் யோவான் பவுல் சியோலுக்கே போய்ப் புனிதர்களாக உயர்த்தினார். தேதி 1984 மே 6. மரச்சிலுவையை இளையோர் கையில் கொடுத்து சரியாக இரண்டு வாரம் கழித்து. அந்தச் சிலுவை இப்போது அதே ஊருக்கு வருகிறது.

நமக்கும் தேவசகாயம் இருக்கிறார். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர், குருவோ துறவியோ அல்லாத குடும்பஸ்தர், 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர், 2022-ல் புனிதரானவர். கொரியப் பொதுநிலையினரின் கதையைக் கேட்கும்போது தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலிருந்து சொல்லத் தேவசகாயத்தின் கதையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இதுவரை இந்தச் சந்திப்பை நடத்திய நாடுகள் எல்லாம், நடத்தியபோது கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாடுகள். சியோலில்தான் முதன்முறையாக அப்படி இல்லாத நாட்டில் நடக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காடு. அலுவலகத்தில், கல்லூரியில் பலர் நடுவே ஒருத்தராக இருந்து விசுவாசத்தை வாழ்வது எப்படி என்பது நமக்குப் பழகின வாழ்க்கை. சியோல் சந்திப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கும் வாக்கு யோவான் நற்செய்தி 16-ம் அதிகாரத்தில் வருவது: துணிவுடன் இருங்கள், நான் உலகின்மீது வெற்றிகொண்டுவிட்டேன். சிறுபான்மையாக இருப்பவர்கள் இந்த வரியை வேறு விதமாகக் கேட்பார்கள்.

பெயர் கொடுத்த பிறகு

பயணம் தனியாளாகச் செய்வதல்ல. பங்குத்தந்தையிடம் சொல்லி, மறைமாவட்ட இளையோர் பணிக்குழு வழியாகக் குழுவாகப் பதிவு செய்வதே சரியான வழி. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்துப் பங்குகளுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் 16 முதல் 35 வயது வரையுள்ளவர்களே போகிறார்கள். குழுவோடு குருக்களும் சிஸ்டர்களும் பொறுப்பாளர்களும் போவார்கள். பதிவுக் கட்டணத்தில் பல வகை உண்டு: தங்குமிடம், உணவு, காப்பீடு, உள்ளூர்ப் போக்குவரத்து எதெது சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். தங்குமிடம் என்றால் ஹோட்டல் அறை இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை, பங்கு மண்டபம், உள்விளையாட்டரங்கம், அல்லது ஒரு குடும்பத்தின் வீடு.

முதல் வேலை பாஸ்போர்ட். இல்லாதவர்கள் இன்றே விண்ணப்பிக்கலாம். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவை மையங்கள் உள்ளன. ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, ஞானஸ்நானச் சான்றிதழில் வேறொரு பெயர் என்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். வீட்டில் 'அந்தோணி', சான்றிதழில் 'ஆன்டனி'. இதைச் சரி செய்யவே சில மாதம் ஓடிவிடும். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதத்துக்கு அது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விசா. இங்கேதான் நம் பிள்ளைகளின் கனவு அதிகம் உடைகிறது. சென்னையிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருப்பது ஒரு வசதி. பதிவு செய்ததற்கான கடிதம், பங்குத்தந்தையின் பரிந்துரை, மறைமாவட்டக் கடிதம், படிப்பவர் என்றால் கல்லூரியின் சான்று, வேலை செய்பவர் என்றால் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி முன்பு ஒரு பயணத்துக்கு விண்ணப்பித்தபோது, கணக்கில் பணம் காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உறவினரிடம் வாங்கிய இரண்டு லட்சத்தை விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாகப் போட்டான். விசா மறுக்கப்பட்டது. அதுவரை மாதம் எட்டாயிரம் ஒன்பதாயிரம் வந்துபோன கணக்கில் திடீரென்று ஒரு பெருந்தொகை. அதிகாரி அதைச் சந்தேகிக்காமல் எப்படி இருப்பார்? உள்ளதை உள்ளபடி காட்டி, பெற்றோரின் வருமானச் சான்றையும் செலவை ஏற்பவரின் கடிதத்தையும் சேர்த்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். அவன் ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

தூதரகங்கள் இப்படிக் கெடுபிடி காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த சந்திப்புகளில் திருப்பயணியாக வந்து, ஊர் திரும்பாமல் மறைந்து போனவர்கள் உண்டு. லிஸ்பனிலும் அது நடந்தது. அப்படி ஒருவர் செய்தால் அடுத்த முறை அதே ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் நூறு பேருக்குக் கதவு மூடும். இதைப் பயன்படுத்தி, 'அங்கே போனதும் வேலை வாங்கித் தருகிறேன்' என்று இளைஞர்களிடம் லட்சக்கணக்கில் பணம் பிடுங்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பங்கும் மறைமாவட்டமும் அறியாத எந்த ஆளிடமும் இந்தப் பயணத்துக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வட்டிக்குக் கடன் வாங்கி யாரும் போக வேண்டாம். அதே சமயம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போய்வரும் பயணமாக இது ஆகிவிடக் கூடாது. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையும் கண்ணகி நகரில் மறுகுடியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் அந்த மைதானத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பங்குதான் முன்வர வேண்டும். பங்கு விழாவில் பிரியாணிக் கடை, ஹவுசி, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் கிடைக்கும் காணிக்கையில் ஒரு பகுதி, அன்பியங்கள் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழுக்கள்) மாதாமாதம் சேர்க்கும் சிறு தொகை: இப்படி ஒருவரையாவது அனுப்பிவிடலாம். பங்கு அனுப்பி வைத்த பிள்ளை தன் செலவில் சுற்றுலா போன பிள்ளையைப் போலத் திரும்பி வராது. அது திரும்பி வந்து பங்குக்குக் கணக்குச் சொல்லும்.

அம்மாக்களின் மற்ற கவலைகளுக்கும் பதில் உண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடமும் பெண் பொறுப்பாளர்களும் உண்டா என்று புறப்படும் முன்பே குழுத் தலைவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. சாப்பாட்டுக்கும் பயப்பட வேண்டாம், கொரியர்களுக்கும் சோறுதான் பிரதானம். ஆகஸ்டில் சியோல் வெப்பமும் புழுக்கமுமாக இருக்கும், மழையும் வரலாம். ஸ்வெட்டருக்குச் செலவு செய்யாமல் ஒரு மழைக்கோட்டும் நடந்து பழகிய பழைய ஷூவும் எடுத்துவையுங்கள். புது ஷூ வேண்டாம். காலைக் கடிக்கும்.

போக முடியாதவர்கள்தான் எப்போதும் அதிகம். வயது தாண்டியவர்கள், விசா கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள். கிறிஸ்து அரசர் ஞாயிறு இவர்களுக்காகத்தான் இருக்கிறது. அன்று பங்கில் இளையோர் திருப்பலியை நடத்தலாம், முந்தைய இரவு ஆலயத்தில் விழிப்புச் செபம் வைக்கலாம், சின்னமலையிலிருந்து பரங்கிமலை வரை ஒன்றாக நடக்கலாம். சியோலில் அந்தச் சனிக்கிழமை இரவு விழிப்புச் செபம் நடக்கும்போது நேரலையைப் போட்டு ஆலயத்தில் பாய் விரித்து உட்காரலாம். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். அங்கே இருட்டும்போது இங்கே மாலை வெயில் இருக்கும்.

பையில் கடைசியாக வைப்பது

திருப்பயணிகள் ஒருவருக்கொருவர் ஏதாவது கொடுத்து வாங்குவது இந்தச் சந்திப்பின் வழக்கம். கொடி, பதக்கம், ஜெபமாலை, கைக்கயிறு, தொப்பி. முன்பின் தெரியாத பிரேசில்காரப் பையன் வந்து தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் பையைப் பார்ப்பான். அப்போது வெறுங்கையாக நிற்கக் கூடாது. பெசன்ட் நகர் மாதா படம், சாந்தோம் ஆலயப் படம், பரங்கிமலைச் சிலுவை அச்சிட்ட சிறு அட்டைகள் என்று ஐம்பது அறுபது எடுத்துப் போங்கள். இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரின் கல்லறை இருக்கும் ஊரிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள்கூட இருப்பார்கள். அந்த அட்டையைக் காட்டுங்கள்.

தங்க இடம் கொடுக்கும் வீட்டுக்குத் தனியாக ஒன்று எடுத்துவையுங்கள். விலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் துணியில் தைத்த ஒரு சின்னப் பை போதும், அல்லது உங்கள் அம்மா கையால் முறுக்கு. அந்த வீட்டில் முதல் நாள் மொழி தெரியாமல் கூச்சமாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது அந்த வீட்டுக் குழந்தை உள்ளறையைப் பார்த்துத் தன் தகப்பனைக் கூப்பிடும். தொடர்கள் பார்த்தவர்களுக்கு முன்பே தெரியும், மற்றவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கொரிய மொழியிலும் குழந்தைகள் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகின்றன.